ஸ்கோர்கார்டில் ஒருவர், போலீஸ் குறிப்பில் வேறொருவர்: மான்டேக் ட்ரூயிட் வழக்கு

1888 டிசம்பர் 21 அன்று தென்கிழக்கு லண்டனில் பிளாக்ஹீத் கிளப்பின் நிர்வாகக் குழு கூடி ஒரு தீர்மானம் போட்டது. கௌரவச் செயலாளரும் பொருளாளருமான திரு. எம். ஜே. ட்ரூயிட் வெளிநாடு போய்விட்டபடியால் அந்தப் பதவிகளிலிருந்து நீக்கப்படுகிறார் என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். கணக்கு வழக்கு பார்க்க ஆள் வேண்டும், இருந்தவரைக் காணோம், புத்தகத்தில் ஏதாவது ஒரு காரணம் எழுதியாக வேண்டும். எழுதிய காரணம் தவறு. ட்ரூயிட் எந்த நாட்டுக்கும் போகவில்லை. பத்து நாள் கழித்து, டிசம்பர் 31 திங்கட்கிழமை பகல் ஒரு மணிவாக்கில், சிசிக் பக்கம் தேம்ஸில் மிதந்த ஓர் உடலை ஹென்றி வின்ஸ்லேட் என்ற படகுக்காரர் கரைக்கு இழுத்து வந்தார். வெகுநாள் நீரில் கிடந்த உடல். அதுதான் அவர்.

மான்டேக் ஜான் ட்ரூயிட்டை இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது கிரிக்கெட்டுக்காக அல்ல. லண்டனில் ஐந்து பெண்களைக் கொன்ற 'ஜாக் தி ரிப்பர்' யார் என்று நூற்று முப்பது வருடங்களுக்கு மேலாகத் தேடிக்கொண்டிருக்கிறார்களே, அந்தத் தேடலில் மேலதிகாரி ஒருவர் எழுதிவைத்த மூன்று பெயர்களில் முதல் பெயர் இவருடையது. ரிப்பர் என்று சொன்னாலே ஒதுங்கிப் போகிறவன் நான். பழைய கிளப் ஆட்டங்களின் ஸ்கோர்கார்டுகளைப் படிக்கும் பைத்தியம் மட்டும் உண்டு. அந்த வழியாகத்தான் இவரிடம் வந்து சேர்ந்தேன். ட்ரூயிட்டைப் பற்றி இரண்டு வகைக் காகிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று கிரிக்கெட் காகிதம், இன்னொன்று போலீஸ் காகிதம். முதலாவதில் யார் பந்தில் யார் அவுட், எத்தனை ரன், எந்தத் தேதி என்பதெல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டாவதில் ஆளின் வயதுகூடச் சரியில்லை. ஆனால் ஊர் நம்பியது இரண்டாவதைத்தான்.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

1857 ஆகஸ்ட் 15, தெற்கு இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் விம்போர்ன் என்ற சிற்றூர். அப்பா வில்லியம் ட்ரூயிட் அந்த ஊர் அறுவை மருத்துவர், கௌரவ நீதிபதி, ஊரில் எல்லாரும் தொப்பியைக் கழற்றி வணங்கும் மனிதர். பெரியப்பா சித்தப்பா வகையிலும் மருத்துவர்கள். ராபர்ட் ட்ரூயிட் எழுதிய அறுவை மருத்துவக் கையேடு அந்தக் காலத்து மாணவர்கள் கையில் தவறாமல் இருந்தது. ஏழு பிள்ளைகளில் மான்டேக் இரண்டாவது ஆண். குடும்பத்தில் இத்தனை டாக்டர்கள் இருந்தது பிற்பாடு இவருக்கு வினையாக வந்து சேர்ந்தது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

பதின்மூன்று வயதில் உதவித்தொகை பெற்று வின்செஸ்டர் பள்ளியில் சேர்ந்தார். பள்ளி விவாத மன்றத்தில் மேடையேறிப் பேசுகிற பையன். லிபரல் கட்சியைத் திட்டினார், பிஸ்மார்க்கைத் திட்டினார், முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டியது இங்கிலாந்தின் நற்பெயருக்கே தீராத கறை என்று முழங்கினார். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் குடிகார சர் டோபி வேடம் போட்டார். அது எடுபடவில்லை என்று பள்ளிப் பத்திரிகையே எழுதிவிட்டது. விளையாட்டில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியவில்லை. கையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் 'ஃபைவ்ஸ்' ஆட்டத்தில் பட்டம் வென்றார். கிரிக்கெட் பந்தை 92 கஜத்துக்கு மேல் எறிந்தார். கடைசி வருடம் பள்ளி அணிக்குத் தொடக்கப் பந்துவீச்சாளர். 1876-ல் ஈட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் பள்ளிக்காக இறங்கினார்.

அடுத்து ஆக்ஸ்போர்டின் நியூ காலேஜ். அங்கும் உதவித்தொகைதான். சக மாணவர்களுக்குப் பிடித்துப்போய்ப் பொது அறையின் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். படிப்பு அந்த வேகத்தில் ஓடவில்லை. 1880-ல் வெளியே வந்தபோது கையில் இருந்தது மூன்றாம் வகுப்புப் பட்டம்.

சம்பளம் வாங்காத ஆட்டம், சம்பளம் வாங்கும் வேலை

அக்கால இங்கிலாந்தில் 'அமெச்சூர்' என்றால் வெறும் பொழுதுபோக்கு ஆட்டக்காரர் என்று அர்த்தமில்லை. அது ஒரு சாதிப்பெயர் போல. காசு வாங்காமல் ஆடுபவர் ஜென்டில்மேன், கூலிக்கு ஆடுபவர் பிளேயர். ஒரே அணியில் ஆடினாலும் தனித்தனி உடை மாற்றும் அறை, பல மைதானங்களில் தனித்தனி வாசல். ஸ்கோர்கார்டிலும் அந்தக் கோடு தெரியும். ஜென்டில்மேன் பெயருக்கு முன்னால் முதலெழுத்துகள் மரியாதையாக நிற்கும். கூலி ஆட்டக்காரருக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் மட்டும்தான். இந்தப் பாகுபாட்டை அவர்கள் முறைப்படி ஒழித்தது 1962-ல். நம் ஆள் எல்லா அட்டையிலும் எம். ஜே. ட்ரூயிட்.

ஆனால் ஜென்டில்மேனுக்கும் வயிறு உண்டு. ட்ரூயிட் வீட்டில் சொத்து இருந்தது, பங்கு போட ஏழு பிள்ளைகளும் இருந்தார்கள். 1880 முதல் பிளாக்ஹீத்தில் எலியட் பிளேஸ் 9-ஆம் எண் வீட்டில் ஜார்ஜ் வாலன்டைன் நடத்திய தங்கும் பள்ளியில் உதவி ஆசிரியரானார். சாப்பாடும் அறையும் அங்கேயே. இதில் ஒரு வசதி இருந்தது. ஆகஸ்டில் விடுமுறை, அதாவது கிரிக்கெட். பள்ளி நாட்களில் பிளாக்ஹீத் சுற்றுவட்டார ஆட்டங்கள், விடுமுறையில் சொந்த மாவட்டமான டார்செட்டில் ஆட்டங்கள். இவருடைய ஆட்டத் தேதிகளை வரிசையாக வைத்தால் பள்ளிக்கூட நாட்காட்டியே கிடைத்துவிடும்.

கூடவே வக்கீல் தொழில். 1882-ல் இன்னர் டெம்பிள் என்ற லண்டன் வக்கீல் சங்கத்தில் சேர்ந்து, 1885 ஏப்ரலில் பாரிஸ்டரானார். இந்தச் செலவுக்கு அப்பாவின் உயிலில் தன் பங்காக இருந்த 500 பவுண்டை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். பாரிஸ்டரான சில மாதங்களிலேயே அப்பா மாரடைப்பில் இறந்தார். அவர் விட்டுப்போனது 16,579 பவுண்டு. மான்டேக் தன் பங்கைத் தின்று தீர்த்திருந்ததால் பெரிதாக ஒன்றும் கைக்கு வரவில்லை. கிங்ஸ் பெஞ்ச் வாக்கில் அலுவலறை எடுத்தார். பள்ளி வேலையை விடவில்லை. இதை வைத்து 'தோற்றுப்போன வக்கீல்' என்று ஒரு சித்திரம் பல காலம் ஓடியது. ஆனால் இறந்தபோது இவர் பெயரில் 2,600 பவுண்டு இருந்தது. பகலில் கோர்ட், மாலையில் பையன்கள், சனிக்கிழமை கிரிக்கெட் என்று மூன்று வண்டியை இழுத்தவரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏபெல், பவுல்டு ட்ரூயிட்

கிளப் வட்டாரத்தில் இவருக்கு நல்ல மதிப்பு இருந்தது. இன்காக்னிட்டி, பட்டர்ஃபிளைஸ் போன்ற ஊர் சுற்றும் ஜென்டில்மேன் அணிகளில் ஆடினார். 1884 மே மாதம் எம்.சி.சி. என்ற மேரில்போன் கிரிக்கெட் கிளப்பின் உறுப்பினரானார். இவர் பெயரை முன்மொழிந்தவர் சார்லஸ் சீமோர், வழிமொழிந்தவர் இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடியிருந்த வெர்னான் ராயில். மறுவருடம் பிளாக்ஹீத்தின் மார்டன் கிளப், கிரிக்கெட்டும் ரக்பியும் டென்னிஸும் சேர்ந்த ஒரு கம்பெனியோடு இணைந்தது. ட்ரூயிட் அதில் இயக்குநர், செயலாளர், பொருளாளர். நம்மூர் கிளப்புகளில் பார்த்திருப்போமே, சுண்ணாம்புக் கோடு போடுவதிலிருந்து கடன்காரனுக்குப் பதில் சொல்வதுவரை ஒரே ஆள் தலையில் இருக்கும். அந்த ஆள்.

இவர் முதல்தர ஆட்டம் ஒன்றுகூட ஆடியதில்லை. விஸ்டன் ஆண்டுமலர் இவருக்கென்று ஒதுக்கிய பக்கம் எதுவும் இல்லை. ஆனால் அந்த நாளில் பெரிய ஆட்டக்காரர்கள் வாரக் கடைசியில் கிளப் மைதானங்களுக்கு வந்து ஆடுவார்கள். அங்கேதான் இவருடைய நல்ல நாட்கள் இருக்கின்றன. 1886 ஜூன் 5 அன்று 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' அணியோடு வந்த லார்டு ஹாரிஸை 14 ரன்னில் பவுல்டு ஆக்கினார். இன்னும் மூன்று விக்கெட் எடுத்தார். பிளாக்ஹீத் 178 ரன் வித்தியாசத்தில் வென்றது. ஹாரிஸ் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கியவர். நான்கு வருடம் கழித்துப் பம்பாய் கவர்னராகக் கப்பலேறியதும் அவர்தான். அடுத்த இரண்டு வாரத்தில் பெக்ஸ்லி அணிக்கு ஆடிய ஜான் ஷூட்டர், சர்ரேயின் கேப்டன், ட்ரூயிட்டிடம் டக் அவுட். ஷூட்டருக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். மறு வருடம் வால்டர் ரீட், லாக்வுட், பாபி ஏபெல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு சர்ரே அணியாகவே வந்து பிளாக்ஹீத்தை 147 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தார். அந்தத் தோல்வியிலும் ஏபெலை 56-ல் பவுல்டு ஆக்கியது ட்ரூயிட்தான்.

ஏபெல் யார் என்று தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். அந்தக் குள்ள மனிதரை ஆடுகளத்திலிருந்து கிளப்புவதற்கு இங்கிலாந்தின் தேர்ந்த பந்துவீச்சாளர்கள் நாள்கணக்கில் மூச்சு வாங்குவார்கள். பள்ளி வாத்தியார் ஒருவர் ஸ்டம்பைச் சாய்த்துவிட்டு, திங்கட்கிழமை காலை பாடம் நடத்தப் போயிருக்கிறார்.

1888 கோடை

இனி தேதிகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் இந்தத் தேதிகளே இவருக்குச் சாட்சிகளாகவும் இவருக்கு எதிரான சாட்சிகளாகவும் நின்றன.

ஜூலை மாதம் அம்மா ஆன், மனநோய் முற்றி, லண்டன் கிளாப்டனில் புரூக் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். அந்தக் குடும்பத்தில் இது முதல் முறை அல்ல. அம்மாவின் அம்மா மனநோயில் தன் உயிரை மாய்த்துக்கொண்டவர்.

ஆகஸ்ட் 3, 4 தேதிகளில் போர்ன்மத் ஜென்டில்மேன் அணிக்காக, இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த பார்சி அணிக்கு எதிராக ட்ரூயிட் ஆடினார். பம்பாயிலிருந்து வந்த இரண்டாவது பார்சி அணி அது. அந்தச் சுற்றில் 170 விக்கெட் குவித்த டாக்டர் மேஹல்லாஷா பாவ்ரி அதில்தான் இருந்தார். பார்சிகளின் முதல் இன்னிங்ஸில் ட்ரூயிட்டுக்கு 5 விக்கெட். ஆட்டத்தை வென்றது பார்சிகள். ரிப்பர் எழுத்தாளர்கள் இந்த ஆட்டத்தை ஒரு தேதியாக மட்டும் தாண்டிப் போகிறார்கள். இந்திய கிரிக்கெட் வரலாறு படிக்கிறவர்களோ எதிரணியில் ஐந்து விக்கெட் எடுத்தவர் யார் என்று கேட்பதில்லை.

ஆகஸ்ட் 10, 11 தேதிகளில் டார்செட் ஜென்டில்மேன் அணிக்காக இன்னோர் ஆட்டம். ஆகஸ்ட் 31 வெள்ளிக்கிழமை விடியுமுன் கிழக்கு லண்டனின் ஒயிட்சேப்பலில், ரிப்பர் கொன்ற ஐவரில் முதலாவதான மேரி ஆன் நிக்கல்ஸ் கொல்லப்பட்டார். மறுநாள் செப்டம்பர் 1, ட்ரூயிட் டார்செட்டில் கேன்ஃபோர்டு மைதானத்தில் விம்போர்னுக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்தார். செப்டம்பர் 8 சனிக்கிழமை விடியற்காலை ஆனி சாப்மன். அன்று காலை 11.30-க்கு ட்ரூயிட் பிளாக்ஹீத்தில், கிறிஸ்டோபர்சன் சகோதரர்களுக்கு எதிரான ஆட்டத்தில். பத்து அண்ணன் தம்பிகளும் அப்பாவும் சேர்ந்து பதினோரு பேர் அணியாக இறங்கும் வேடிக்கையான குடும்பம் அது. இங்கிலாந்துக்காக ஒரு டெஸ்ட் ஆடியிருந்த ஸ்டான்லி கிறிஸ்டோபர்சன் அன்று ட்ரூயிட்டை பவுல்டு ஆக்கினார்.

செப்டம்பர் 30 ஒரே இரவில் எலிசபெத் ஸ்ட்ரைடும் கேத்தரின் எட்டோஸும். நவம்பர் 9 காலை, மில்லர்ஸ் கோர்ட்டில் மேரி ஜேன் கெல்லி. கிரிக்கெட் பருவம் அதற்குள் முடிந்துவிட்டது. ஸ்கோர்கார்டு இனி உதவாது.

கடைசி மூன்று வாரம்

கெல்லி கொலைக்குப் பத்து நாள் கழித்து, நவம்பர் 19 அன்று, ட்ரூயிட் பிளாக்ஹீத் கிளப் இயக்குநர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். பார்வையாளர் மேடைக்குப் பின்னால் இன்னும் ஒரு ஏக்கர் நிலத்தை, இருக்கும் வாடகை விகிதத்திலேயே எடுக்கலாம் என்று முன்மொழிகிறார். அதே மாதக் கடைசியில், வழக்கறிஞரான அண்ணன் வில்லியம் கொண்டுவந்த ஒரு மேல்முறையீட்டில் கோர்ட்டில் வாதாடி வெல்கிறார். இந்த இரண்டு செய்திகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போலீஸ் குறிப்புக்கு வரும்போது தேவைப்படும்.

பிறகு பள்ளியில் ஏதோ நடந்தது. 'பெரிய சிக்கலில் மாட்டி வேலையிலிருந்து நீக்கப்பட்டார்' என்று மட்டுமே விசாரணைச் செய்தியில் இருக்கிறது. இன்ன தவறு என்று சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குள் ஆளாளுக்கு ஒன்றைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். தங்கும் பள்ளி, மணமாகாத ஆசிரியர் என்றதும் பலர் பாய்ந்து போகும் ஊகம் ஒன்று உண்டு. அதற்கு ஒரு துண்டுக் காகித ஆதாரமும் கிடையாது. செய்தியில் 'டிசம்பர் 30' என்று ஒரு தேதி வருகிறது. அது அண்ணன் விசாரித்த நாளா, 'நவம்பர் 30' என்பதன் பிழையா என்று இன்னும் வாதம் நடக்கிறது. நவம்பர் 30 வெள்ளிக்கிழமை என்பதையும், விட்டுச்சென்ற கடிதம் 'வெள்ளிக்கிழமையிலிருந்து' என்று தொடங்குவதையும் சேர்த்துப் பார்த்தால் பிழை என்ற பக்கமே எனக்குச் சாய்வு.

டிசம்பர் 11 அன்று, மான்டேக் ஒரு வாரத்துக்கு மேலாக அலுவலறைக்கு வரவில்லை என்று நண்பர் ஒருவர் சொல்லி வில்லியமுக்குத் தெரிகிறது. அவர் போர்ன்மத்திலிருந்து வந்து, பள்ளியில் தம்பியின் பொருட்களைத் தேடச் செய்தார். தன் பெயருக்கு எழுதிய ஒரு தாள் கிடைத்தது. 1889 ஜனவரி 2 அன்று சிசிக்கில் 'லேம்ப் டாப்' என்ற மதுக்கடையில் மரண விசாரணை நடந்தது. (அந்த நாளில் இதற்கென்று தனிக் கட்டடம் தேடமாட்டார்கள். பெரிய அறை இருக்கிற கடையில் ஜூரி உட்கார்ந்துவிடும்.) அங்கே அதிகாரி படித்துக்காட்டிய வரி இதுதான்: வெள்ளிக்கிழமையிலிருந்து நானும் அம்மாவைப் போல ஆகிவிடுவேன் என்று தோன்றுகிறது, எனக்குச் சாவதே நல்லது.

போலீஸ்காரர் மூல்சன் உடலில் இருந்தவற்றைச் சொன்னார். மேல்கோட்டுப் பைகளில் கற்கள். இரண்டு பவுண்டு சொச்சம் காசு. 50 பவுண்டுக்கும் 16 பவுண்டுக்கும் இரண்டு காசோலைகள். பிளாக்ஹீத்–லண்டன் முதல் வகுப்பு சீசன் டிக்கெட். டிசம்பர் 1 தேதியிட்டு, ஹாமர்ஸ்மித்திலிருந்து சேரிங் கிராஸ் திரும்ப வேண்டிய பாதி டிக்கெட். வெள்ளிக் கடிகாரம், தோல் கையுறை, வெள்ளைக் கைக்குட்டை. காயம் எதுவும் இல்லை. மனநிலை பிறழ்ந்த நிலையில் தற்கொலை என்று ஜூரி முடிவு சொன்னது. மறுநாள் விம்போர்னில் அடக்கம். கல்லறைக் கல்லில் 1888 டிசம்பர் 4, வயது 31 என்று பொறித்தார்கள்.

இந்த விசாரணையில் ரிப்பர் என்ற சொல்லே வரவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை இதை ஒரு நல்ல குடும்பத்துத் துக்கச் செய்தியாகப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போனது.

டாக்டர் ஆக்கப்பட்டார்

இரண்டு வருடம் கழித்து, 1891 பிப்ரவரியில், இங்கிலாந்தின் மேற்குப் பகுதி எம்.பி. ஒருவர் ரிப்பர் யார் என்று தனக்குத் தெரியும் என்று சொல்லித் திரிவதாகப் பத்திரிகையில் வந்தது. கொலைகாரன் ஓர் அறுவை மருத்துவரின் மகன், கடைசிக் கொலை நடந்த இரவே தற்கொலை செய்துகொண்டான் என்பது அவர் கதை. அந்த எம்.பி. மேற்கு டார்செட்டின் ஹென்றி ஃபார்குவார்சன் என்று பிறகு வெளிவந்தது. விம்போர்ன் அவருக்கு அக்கம்பக்கம். ஊர்ப் பேச்சு காது மூக்கு முளைத்து அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அரசியல் எதிராளி ஒருவரைப் பற்றி இல்லாத பழி சொல்லி அவதூறு வழக்கில் தோற்றவரும் இதே எம்.பி.தான். வாய்க்குப் பூட்டு போடும் வழக்கம் இவருக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

1894 பிப்ரவரி 23. லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டின் மேலதிகாரி மெல்வில் மக்னாட்டன் ஓர் உள்குறிப்பு எழுதினார். தாமஸ் கட்புஷ் என்ற மனநோயாளிதான் ரிப்பர் என்று 'சன்' பத்திரிகை எழுதிக்கொண்டிருந்தது. அதை மறுக்க, 'அவனைவிட வாய்ப்புள்ளவர்கள்' என்று மூன்று பேரைச் சொன்னார். ட்ரூயிட், போலந்து யூதரான காஸ்மின்ஸ்கி, ரஷ்ய மோசடிக்காரன் மைக்கேல் ஆஸ்ட்ரோக். ட்ரூயிட் பற்றிய வரிகளின் சாரம்: டாக்டர், சுமார் 41 வயது, நல்ல குடும்பம், மில்லர்ஸ் கோர்ட் கொலையோடு காணாமல் போனவர், உடல் டிசம்பர் 31-ல் கிடைத்தது, பாலியல் வெறி பிடித்தவர், இவரே கொலைகாரர் என்று குடும்பமே நம்பியதாகத் தனிப்பட்ட தகவல்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். டாக்டர் அல்ல, வக்கீலும் ஆசிரியரும். டாக்டர் அப்பா. வயது 41 அல்ல, 31. மில்லர்ஸ் கோர்ட்டோடு காணாமல் போகவில்லை. அதற்குப் பிறகு கிளப்புக்கு நிலம் பார்த்தார், கோர்ட்டில் வாதாடி வென்றார், டிசம்பர் 1 தேதியில் ரயில் டிக்கெட் வாங்கினார். இந்த மூன்றாவது பிழைதான் குறிப்பின் அச்சாணி. கடைசிக் கொலையில் வெறி உச்சத்துக்குப் போய், புத்தி பேதலித்து, ஆற்றில் விழுந்தான் என்பதே முழு வாதமும். நடுவில் மூன்று வாரம் ஒருவர் ஒழுங்காக வேலைக்குப் போய் வந்திருக்கிறார் என்றால் வாதம் கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது 'தனிப்பட்ட தகவல்'. அது ஃபார்குவார்சன் வழி வந்த அதே ஊர்ப் பேச்சாக இருக்கலாம் என்பது என் ஊகம். கடைசிக் கொலையோடு முடிந்தான் என்ற ஒரே தவறு இரண்டு கதையிலும் இருப்பது என்னை அப்படி நினைக்கவைக்கிறது.

மக்னாட்டன் 1889 ஜூனில்தான் போலீஸில் சேர்ந்தார். அதற்கு முன் வங்காளத்தில் அப்பாவின் எஸ்டேட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கொலைகள் நடந்தபோது அவர் விசாரணையில் இல்லை. களத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் ஃபிரடெரிக் ஆபர்லைன் 1903-ல் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தபோது, அந்தக் கதை தனக்கு நன்றாகத் தெரியும், அந்த நேரத்தில் உடல் கிடைத்தது என்பதைத் தவிர அவரைக் குற்றத்தோடு சேர்க்க எதுவுமே இல்லை என்றார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நாம் சொல்வதை அவர் போலீஸ் பாஷையில் சொன்னார். இதில் ஒரு கூத்து உண்டு. மறுத்துப் பேசிய ஆபர்லைனும் 'இளம் டாக்டர்' என்றே சொல்லியிருக்கிறார். அதற்குள் பொய் அவ்வளவு தூரம் ஊறிவிட்டது.

மூன்று பேர் பட்டியலின் தரத்துக்கு இன்னொரு சான்று ஆஸ்ட்ரோக். கொலைகள் நடந்த காலத்தில் அவன் பிரான்சில் சிறையில் இருந்தான் என்பது நூறு வருடம் கழித்து ஆவணங்களிலிருந்து தெரியவந்தது.

ஸ்கோர்கார்டு சாட்சி சொல்லுமா?

மக்னாட்டன் குறிப்பு வெகுகாலம் வெளியே வரவில்லை. 1959-ல் டேனியல் ஃபார்சன் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக மக்னாட்டன் மகளிடமிருந்த படியைப் பார்த்தார். நிகழ்ச்சியில் 'எம். ஜே. டி.' என்று முதலெழுத்துகளை மட்டும் சொன்னார்கள். ஸ்கோர்கார்டில் கனவான் என்று காட்டிய அதே எழுத்துகள், இந்த முறை கொலைகாரன் என்று காட்டின. 1965-ல் முழுப்பெயரும் அச்சில் வந்தது. அப்புறம்தான் கிரிக்கெட் ஆராய்ச்சியாளர்கள் பழைய பத்திரிகைகளைத் தோண்டினார்கள். இர்விங் ரோசன்வாட்டர் 1973-ல் ட்ரூயிட்டின் ஆட்டத் தேதிகளைத் திரட்டி வெளியிட்டார். இன்று நாம் பேசும் தேதிகளுக்கு அந்த உழைப்புதான் அடிப்படை.

அந்தத் தேதிகள் இவரை விடுவிக்கின்றனவா? நேர்மையாகச் சொன்னால், முழுதாக இல்லை. சாப்மன் கொலைக்கும் பிளாக்ஹீத் ஆட்டத்துக்கும் நடுவே ஐந்தாறு மணி நேரம் இருக்கிறது. ரயிலேறிப் போய், குளித்து, வெள்ளை உடை மாட்டி மைதானத்தில் நிற்க அது போதும். நிக்கல்ஸ் கொலைக்கும் டார்செட் ஆட்டத்துக்கும் நடுவே ஒரு முழுப் பகலே இருக்கிறது. 'முடியாது' என்று ஸ்கோர்கார்டு சொல்லவில்லை.

ஆனால் 'முடியும்' என்பது குற்றச்சாட்டாகிவிடாது. விடுமுறையில் நூறு மைல் தள்ளி டார்செட்டில் இருந்தவர், கொலைக்கென்று லண்டன் வந்து, மறுநாள் ஆட்டத்துக்குத் திரும்பி ஓடினார் என்று நம்ப வேண்டும். பிளாக்ஹீத்தில் இருந்த நாட்களில், இரவு முழுக்க ரயில் இல்லாத காலத்தில், ஆற்றைத் தாண்டிப் போய், விடியும்வரை எங்கோ பதுங்கி, பையன்கள் நிறைந்த பள்ளி வீட்டுக்கு யார் கண்ணிலும் படாமல் திரும்பினார் என்று நம்ப வேண்டும். கொலைகாரன் அந்தச் சந்துகளை உள்ளங்கை போல் அறிந்தவன் என்றே பலரும் கருதுகிறார்கள். ட்ரூயிட்டுக்கு ஒயிட்சேப்பலோடு பழக்கம் இருந்ததாகக் காட்ட ஒரு ரசீதும் ஒரு கடிதமும் கிடையாது.

அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் சிலர் நேர் எதிர்ப்பக்கம் போய், இவரையே யாரோ கொன்று ஆற்றில் போட்டார்கள் என்று எழுதினார்கள். அந்தத் திரும்பும் டிக்கெட்டும் காசோலைகளும் அவர்களுக்கு ஆதாரம். சாகப் போகிறவன் திரும்பி வரும் டிக்கெட் எடுப்பானா என்று கேட்கிறார்கள். இந்தப் பக்கமும் என்னால் போக முடியவில்லை. ரிப்பர் கதை ஒருவரைத் தொட்டுவிட்டால் சாதாரணச் சாவு சாகவும் விடாது போலிருக்கிறது.

இந்த வழக்கில் ட்ரூயிட்டே சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான் பதிவாகியிருக்கிறது. அதைப் போலீஸ் குறிப்பு தொடவே இல்லை. அவர் உடல் ஒதுங்கிய அதே சிசிக்கில், மேனர் ஹவுஸ் மனநல விடுதியில், 1890 டிசம்பர் 15 அன்று அம்மா ஆன் ட்ரூயிட் இறந்தார்.